முனகும் பெட்டியும் காலித் தொட்டிலும்

முஹையோவின் விரல்கள் மாவில் இருந்தன. கட்டைவிரல் நகத்தளவு சதுரத்தில் துளிக் கறி வைத்து, மூலை மடித்து, இரண்டு காதையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சுச்வாரா. சூப்பில் போட்டால் குட்டிக் கொழுக்கட்டையாக மிதக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் தோஹிரின் கூட்டாளிகள் இரண்டு பேர் வருகிறார்கள் என்றால் ஒரு தாம்பாளம் நிறைய வேண்டும். பழைய சிந்தசைசரைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு வாயும் ஓயாது, வயிறும் நிறையாது.

நடையில் 'டம்' என்று சத்தம் கேட்டது. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டியபடி வந்தார் தோஹிர்.

நடையில் கிடந்த தொட்டிலில் இடித்துக்கொண்டார். மகன் பிறந்த நாற்பதாம் நாள் முஹையோவின் அம்மா சீராகக் கொண்டுவந்த தொட்டில் அது. பூ எழுதிய மரம், மேலே போர்த்த ஏழு துணி, தெருவே எட்டிப் பார்க்கும்படி ஊதுகொம்பு எல்லாம் சேர்ந்து வந்தன. தொட்டிலுக்கு இடம்தான் வரவில்லை. தாஷ்கண்டில் இரண்டு அறை வீடு. ஓர் அறை முழுக்கக் கட்டில். இன்னோர் அறையில் மற்ற வாழ்க்கை. அந்த அறையில் காற்றடிக்காத நல்ல மூலை ஒன்றுதான் உண்டு. அங்கே உட்கார்ந்திருந்தது தோஹிரின் பெட்டி.

சோவியத் காலத்துச் சிந்தசைசர், கட்டையை அழுத்தி வாசிக்கும் மின்சார வாத்தியம். முழுக்க இரும்பு. கொழுத்த செம்மறியாட்டின் கனம். அடுப்புத் திருகு மாதிரி வரிசை வரிசையாகத் திருகுகள். அதன் பக்கத்திலேயே புதுசு ஒன்றும் உண்டு. பிளாஸ்டிக், மடக்குக் கால், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். கல்யாண வீடுகளில் வாசித்துக் குடும்பத்துக்குச் சோறு போடுவது அதுதான். ஆனால் தோஹிர் அதை வேலைக்காரனாக நடத்தினார். இரும்புப் பெட்டியை மாப்பிள்ளையாக நடத்தினார்.

காலித் தொட்டில் ஆடக் கூடாது, ஆடினால் பிள்ளைக்கு ஆகாது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். இந்த வீட்டில் தோஹிர் தண்ணீர் குடிக்கப் போனாலும் தொட்டில் ஆடியது. பிள்ளையோ அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், ஆறு வயது அக்கா மதினாவின் கால் மூக்கில் பட, கட்டிலில் தூங்கியது.

“பாருங்க மதினா அப்பா, மறுபடி ஆடுது.”

“என் முட்டி ஆடுது. அதைக் கேக்க நாதியில்ல.”

“அந்த மூலைய விட்டுக் குடுத்தா முட்டியும் பிழைக்கும்.”

ஒற்றைக் காலில் நின்றபடியே தோஹிர் சபதம் எடுத்தார். தன் மூச்சு இருக்கும்வரை பெட்டி அந்த மூலையை விட்டு நகராது. பிளாஸ்டிக்குக்குக் குரல்தான் உண்டு, உயிர் கிடையாது. தனக்கும் கூட்டாளிகள் கைரத்துக்கும் லுத்ஃபுல்லாவுக்கும் கண்ணைக் கட்டிவிட்டாலும் உயிர் எது என்று தெரியும்.

முஹையோ குரல் உயர்த்திப் பேசியவளில்லை. மாவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “அப்போ கண்ணக் கட்டிப் பாத்துருவமா?”

பேச்சு முடிவானது. திரைக்குப் பின்னால் முஹையோ இரண்டிலும் ஒரே பாட்டை வாசிப்பாள். புது மணப்பெண்ணாக இருந்தபோது தோஹிர் கற்றுக்கொடுத்த ஒரே பாட்டு. எது பழைய பெட்டி என்று கூட்டாளிகள் சொல்லிவிட்டால் மூலை பெட்டிக்கு. தப்பாகச் சொல்லிவிட்டால் பெட்டி சிர்ச்சிக்கில் அவள் தம்பியின் மாட்டுக்கொட்டகைக்கு, மூலை தொட்டிலுக்கு. தோஹிர் உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் சரி சொன்னதில்லை. பிறகு தொலைபேசியை ஒயரோடு இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அந்த வீடுகளில் குளியலறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுச்சுவரில், உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். வெளிச்சத்துக்காக வைத்தது. பேச்சும் வரும்.

“கைரத், நல்லாக் கேட்டுக்க. நம்ம பெட்டிக்கு அடியில ஒரு ‘ம்ம்ம்’ இருக்குமில்ல, மாடு அசை போடுற மாதிரி? மின்சார முனகல். அது கேட்டா அதுதான். கேட்டதும் கண்ணத் தொடச்சுக்க. லுத்ஃபுல்லாகிட்டயும் சொல்லிடு. அவன் பாட்டுக்கு முதல் பாட்டுலயே அழுதுடப் போறான்.”

முஹையோவின் விரல் ஒரு சுச்வாராவின் காதைத் திருகியபடி நின்றது.

கோபம் வரவில்லை. சங்கடமாக இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் யாங்கியூலில் சித்தி மகள் கல்யாணம். பாதாமி மரத்தடியில் தேநீர்த் தட்டோடு வந்தவள், மேடையில் இரும்புப் பெட்டிமேல் குனிந்திருந்த ஒல்லிப் பையனைப் பார்த்தாள். காய்ச்சல் பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்பதுபோலக் குனிந்திருந்தான். அந்தப் பெட்டியின் சத்தம் நேராக வரவில்லை. கொஞ்சம் தள்ளாடி, கொஞ்சம் கூச்சப்பட்டு, சுரத்தைத் தேடித் தேடி வந்து சேர்ந்தது. தட்டில் தேநீர் ஆறிப்போனது. அத்தனை கூட்டத்தில் முனகல் யாருக்குக் கேட்டது? அவளுக்குக் கேட்டது அந்தத் தள்ளாட்டம்தான். இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம்.

இவர்களோ அந்த முனகலை, பெட்டியின் நோயை, உயிர் என்று கும்பிடுகிறார்கள்.

தோஹிர் கூட்டாளிகளை அழைத்துவர மெட்ரோவுக்குக் கிளம்பினார். முஹையோ கை கழுவி வந்து அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். டிவிக்குக் கீழே ஸ்டெபிலைசர் இருந்தது. சிவப்பு விளக்கு. ம்ம்ம்.

பக்கத்து வீட்டு ஹுரியத் அக்காவைக் கூப்பிட்டாள். கொஞ்சம் கனமான வேலை என்றாள். அக்கா தயங்கினாள். வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது என்றாள் முஹையோ. அக்கா சட்டைக் கையைச் சுருட்டினாள்.

ஆண்கள் வந்தபோது மூலையை மறைத்து முஹையோவின் சிமில்திக் தொங்கியது. கல்யாணத்தன்று அவளை உட்காரவைத்து மறைத்த அதே திரை. கைரத் ரேடியோ பழுது பார்க்கிறவர், எந்த இயந்திரத்தையும் முதலில் மோந்து பார்ப்பார். லுத்ஃபுல்லா டிராலிபஸ் ஓட்டுகிறவர், வீட்டில் நாலு பழைய சிந்தசைசர் வைத்திருக்கிறார், ஒன்றும் பேசாது. மூவரும் மெத்தையில் சம்மணம் போட்டார்கள். முஹையோ திரைக்குள் போனாள்.

முதல் பாட்டு முடிந்தது.

“சோப்பு டப்பா,” என்றார் கைரத். ஆஸ்பத்திரி லிஃப்டில் இதைவிட நல்ல சங்கீதம் கேட்டிருப்பதாக லுத்ஃபுல்லா சொன்னார். தோஹிர் மீசையைத் தடவிக்கொண்டார்.

திரைக்குள் ‘டிக்’ என்றது. பிறகு ம்ம்ம். அதன்மேல் அதே பாட்டு.

கைரத் கண்ணை மூடினார். லுத்ஃபுல்லா கைக்குட்டை எடுத்தார். எடுத்தது சொல்லிவைத்தபடிதான், ஆனால் அழுகை நிஜமாகவே வந்துவிட்டது. தான் பட்டாளத்தில் சேர்ந்த வருஷம் வழியனுப்ப ரயிலடிக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றி, அவள் தலைத்துணியின் நிறத்தைப் பற்றி முணுமுணுத்தார். தோஹிருக்கும் தன் சூழ்ச்சி மறந்துபோனது. அவருடைய பழைய வாத்தியக் குழு கண்முன் வந்தது. டிரம் அடித்தவன் இப்போது மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டுகிறான். பாடினவன் பேச்சே குறைந்து, சந்தையில் முலாம்பழம் விற்கிறான். அன்றைக்கு ஒரே லாரியில், பெட்டிக்குக் குளிருமென்று தங்கள் கோட்டைப் போர்த்தி, ஊர் ஊராகப் போனார்கள்.

“இதுதான் தங்கச்சி,” என்றார் லுத்ஃபுல்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இதக் கொட்டகைக்கு அனுப்பினா மாடுகூட உன்ன மன்னிக்காது.”

தோஹிர் எழுந்து நின்றார். “முடிஞ்சுது முஹையோ. திரைய விலக்கு. என் பெட்டி அது இடத்துலயே இருக்கட்டும்.”

விலக்கினாள்.

மூலையில் தொட்டில். அதில் ஏழு துணிக்கடியில் மகன் தூக்கம். தொட்டிலுக்கு முன்னால் பிளாஸ்டிக் கால்களில் புதுசு மட்டும். கீழே ஸ்டெபிலைசர், சிவப்பு விளக்கோடு, கடமையாக முனகிக்கொண்டிருந்தது.

லுத்ஃபுல்லா தன் கைக்குட்டையை யாரோ கொடுத்ததுபோலப் பார்த்தார். கைரத் குனிந்து ஸ்டெபிலைசரை மோந்தார். “டிவிக்கு வைக்கிறதா?”

“ஆமாண்ணே.”

தலை நிமிராமல் சூப்பைக் குடித்தார்கள். இரண்டு தரம் வாங்கிக் குடித்தார்கள். வேலை இருக்கிறது என்று கிளம்பினார்கள்.

“கொட்டகைக்கு அனுப்பிட்டியா?” என்றார் தோஹிர்.

அந்த முகத்தைப் பார்க்க முஹையோவுக்குத் தாங்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள். “சமையல்கட்டுல, குளியலறை ஜன்னலுக்குக் கீழ இருக்கு. அதோட குரல் இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் தெரியுது. நான் வேலை செய்யிற இடத்துலயே இருக்கட்டும்.”

தோஹிர் ஓடினார். பெட்டியை நாலு பக்கமும் தடவிப் பார்த்து, சுவிட்சைப் போட்டார். போட்டதும் வாசித்துவிட முடியாது. உள்ளே சூடேறிச் சுரம் நிலைக்கும்வரை கண்டபடி பாடும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிரசவ அறை வாசலில் நிற்பவர்போல நின்றார். முஹையோ எச்சில் தட்டுகளை அடுக்கி எடுத்துவந்தாள்.

“சூடாக எவ்வளவு நேரம் ஆகும்?”

“அரை மணி.”

“நல்லதாப் போச்சு.” துண்டை அவர் தோளில் போட்டாள். “பாத்திரமும் அவ்வளவு நேரம்தான் ஆகும். ஆட்டுக் கொழுப்பு, வெந்நீர் விட்டுத் தேய்ங்க. அது முடிஞ்சதும் அந்தப் பெரிய சட்டிய எடுத்து—”

“அம்மா, தம்பி முழிச்சுட்டான்,” என்று மதினா கூப்பிட்டாள்.