உபசாரப் பொய்க்கு ஒரு நிபுணர்

“வெளியாள் ஒருத்தர் சொல்லணும், அவ்வளவுதான்,” என்றார் துறைத் தலைவர். “உங்க பாடம் தெரிஞ்ச ஒருத்தர், நீங்க உருப்படியான ஆள்னு ஒரு கடிதம் கொடுத்தாப் போதும். கமிட்டியில வெச்சு உங்களை நிரந்தரம் பண்ணிடலாம்.”

“யார்கிட்ட சார் கேட்கப் போறீங்க?”

“அது ரகசியம். உங்ககிட்ட சொல்லக் கூடாது.”

எதிரே உட்கார்ந்திருந்த விரிவுரையாளர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். முந்நூறு வருடங்களுக்கு முந்தைய ஜெர்மானிய அறவியலைப் படித்தவர்கள் இந்த நாட்டிலேயே மூன்று பேர்தான். ஒருவர் போன வருடம் காலமாகிவிட்டார். இன்னொருவர் இவரே. மிச்சமிருப்பவர் பெரியவர். அந்தப் பெரியவருடைய புத்தகத்தைத்தான் இவர் நான்கு வருடங்களுக்கு முன்பு ஓர் ஆய்விதழில் நார் நாராகக் கிழித்துப் போட்டிருந்தார்.

“ஆகலைன்னா?” என்று கேட்டார்.

“ஆகலைன்னா பாடத்தையே எடுத்துடச் சொல்றாங்க. உங்க அறையை மேலாண்மைத் துறை கேட்குது. ஜன்னல் இருக்காம்.”

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘கடமை’. எந்த வகுப்பையும் அவர் அந்தச் சொல்லில்தான் தொடங்குவார். ஒன்பது வருடங்களாகத் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு கோடையிலும் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி வாங்கலாமா என்று காத்திருப்பவர். வயது நாற்பத்தாறு. வெளியே போனால் அவரிடமுள்ள சரக்குக்கு விலை கேட்க ஆளில்லை.

சரக்கு இதுதான். ஜெர்மனியின் ஏதோ ஒரு சிற்றூரில் இருந்த பாதிரியார் ஒருவர், பொய் சொல்வது பற்றித் தலையணை கனத்துக்கு ஒரு நூல் எழுதியிருந்தார். மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொல்லும் உபசாரப் பொய், பயத்தில் சொல்லும் பொய், பதவிக்காகச் சொல்லும் பொய் என்று வகைக்கு ஓர் அத்தியாயம். கடமை தன் இளமையைக் கொடுத்துப் படித்தது உபசாரப் பொய் பற்றிய அத்தியாயத்தை.

அந்தக் காலத்து எழுத்தாளர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் எதிராளியின் வாதத்தைத் தங்கள் வாதம் போலவே மனதாரச் சொல்வார்கள். பத்துப் பக்கம் போன பிறகுதான் அதை அடித்து நொறுக்குவார்கள். பெரியவர் அந்தப் பத்துப் பக்கத்தைப் பாதிரியாரின் சொந்தக் கருத்து என்று எடுத்துக்கொண்டு, ‘உபசாரப் பொய்க்கு அனுமதி உண்டு’ என்று முந்நூறு பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டுவிட்டார். கடமையின் விமர்சனம் இப்படி முடிந்தது: ‘நூலாசிரியர் எதிராளியின் வாயை எடுத்துக் கதாநாயகனின் முகத்தில் பொருத்திவிட்டார். விளைவு பார்க்கச் சகிக்கவில்லை.’

எழுதிய அன்று அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

“அந்தக் கடைசி வரியை மட்டும் எழுதாம இருந்திருக்கலாம்,” என்று வீட்டில் புலம்பினார்.

“நீங்க எழுதினது உண்மைதானே?” என்றாள் மனைவி. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருபவள். வலியோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் போய்விட்டது.

“உண்மைதான்.”

“அப்புறம் என்ன? போய்த் தூங்குங்க.”

அவர் தூங்கவில்லை. காலையில் முதல் வேலையாகத் தன் கட்டுரைப் பட்டியலிலிருந்து அந்த விமர்சனத்தை நீக்கிவிட்டு, புதுப் பட்டியலைத் துறை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். பெரியவருக்கு மறதி வந்திருக்கலாம். நாமே ஞாபகப்படுத்துவானேன்?

அலுவலகத்து அம்மா, துறையின் கோப்புகளையும் தேநீரையும் ஒருசேரக் கவனிப்பவர், பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் வராந்தாவில் பார்த்தபோது, “அனுப்பிட்டேன் சார்,” என்றார்.

“பழையதை எடுத்துட்டு இதை வெச்சீங்க இல்ல?”

“பழையது போன வாரமே போயிடுச்சே. திருத்தம் வந்தா என்ன மாத்தினோம்னு காட்டி அனுப்பணும்கறது விதி. நீங்க எடுத்த வரியை மட்டும் மஞ்சள் அடிச்சு, பக்கத்துல ‘நீக்கப்பட்டது’ன்னு எழுதி அனுப்பிட்டேன். பளிச்னு தெரியும், கவலைப்படாதீங்க.”

கடமை நேரே வீட்டுக்குக் கிளம்பினார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்திருந்த மச்சினன், பழைய கார் வாங்கி விற்பவன், முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“இதுக்கா மாமா முகத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்க? போனைப் போடுங்க. அவர் புத்தகம் பிரமாதம்னு சொல்லுங்க. நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றேன், இன்ஜின் பிரமாதம்னு! எனக்கு நாக்கு அழுகியா போச்சு?”

“இவருக்கு அந்த மாதிரி நாக்கு இல்லடா,” என்றாள் மனைவி.

“வேலை போனா நாக்கை வெச்சு என்னக்கா பண்றது?”

கடமை போனைப் போட்டார். மறுமுனையில் பெரியவரின் குரல் கேட்டதும் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“சார், உங்க புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வரணும் சார்.”

“முதல் பதிப்பே என் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு,” என்றார் பெரியவர்.

“என் வகுப்புக்கு அதைப் பாடநூலாவே வைக்கலாம்னு இருக்கேன்.”

யாரோ தூரத்தில் பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது.

“எதுக்குப் போன் பண்றீங்கன்னு எனக்குப் புரியுது,” என்றார் பெரியவர். “இதைப் பத்தி நாம பேசறது முறை இல்ல. ஆனா ஒண்ணு. உங்களைப் பத்தி நான் சொல்ல வேண்டியதை ஒளிவுமறைவு இல்லாம எழுதி அனுப்பியாச்சு.”

போன் வைக்கப்பட்டது.

“ஒளிவுமறைவு இல்லாமன்னு சொன்னாரா?” என்று மச்சினன் கேட்டான். முதல்முறையாக அவன் முகத்திலும் சிரிப்பு இல்லை. “அப்படின்னா உரிச்சு வெச்சிருக்காரு மாமா.”

சொன்ன வாக்கைக் காப்பாற்றுவோம், அதிலாவது அவர் மனம் இளகட்டும் என்று கடமை அந்தப் புத்தகத்தை வகுப்பில் பாடநூலாக வைத்தார். வகுப்பில் ஏழு பேர். அவர்களில் துறுதுறுவென்ற ஒரு பெண் நூலகத்தில் பழைய ஆய்விதழைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“சார், இந்தப் புத்தகத்தைத்தானே நீங்க துவைச்சுக் காயப்போட்டீங்க? அதையே எங்களைப் படிக்கச் சொல்றீங்க?”

“கருத்துகள் வளரும்மா.”

“அப்படின்னா இப்போ யார் சொல்றது சரி? உபசாரத்துக்குப் பொய் சொல்லலாமா, கூடாதா?”

கடமை கடிகாரத்தைப் பார்த்தார். “அடுத்த வகுப்புல பார்ப்போம்.”

அடுத்த வகுப்பு வரை பொறுக்காமல் அவள் அதே கேள்வியைப் பெரியவருக்கே எழுதிக் கேட்டுவிட்டாள். வந்த பதிலை வகுப்பிலேயே வாசித்துக் காட்டினாள். ஒரே வரி: ‘உங்கள் ஆசிரியரையே கேளுங்கள், அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.’

“கிண்டல் பண்றாரு,” என்றார் கடமை, வீட்டில் சாப்பாட்டைத் தொடாமல். “குத்திக் காட்டறாரு. சின்னப் பசங்க முன்னாடி என் மானத்தை வாங்கறாரு.”

“எனக்கு அப்படித் தோணல,” என்றாள் மனைவி.

“உனக்கு இந்த உலகம் தெரியாது.”

“மாமா, இனிமே நேர்ல போய்க் கால்ல விழறதுதான் வழி,” என்றான் மச்சினன். “எழுதினதை மாத்தி எழுத வைக்கணும். கமிட்டி என்னிக்கு?”

“திங்கட்கிழமை.”

“அப்போ நாளைக்கே கிளம்பறோம். வண்டி நான் எடுத்துட்டு வரேன். விக்கிற வண்டிதான், இருந்தாலும் போய்ச் சேர்ந்துடும்.”

போய்ச் சேர்ந்தது. பெரியவர் ஒரு மாடிக் குடியிருப்பில் தனியாக இருந்தார். சுவர் தெரியாத அளவுக்குப் புத்தகங்கள். ஒரு நாற்காலியிலிருந்து அகராதிகளை இறக்கி வைத்து கடமையை உட்கார வைத்தார். பழக்கூடையோடு வந்த மச்சினனுக்கு இடம் இல்லை. அவன் கதவோரம் நின்றுகொண்டான்.

பெரியவர் முகத்தில் கோபம் தெரியவில்லை. சொல்லப்போனால், கடமையைப் பார்த்ததும் கொஞ்சம் மலர்ந்த மாதிரிகூட இருந்தது. அதுவே கடமைக்கு இன்னும் பயமாக இருந்தது.

“உங்களை நேர்ல பார்க்கணும்னு நினைச்சிருக்கேன்,” என்றார் பெரியவர். “அந்த விமர்சனம்...”

“அதுக்குத்தான் சார் வந்தேன்,” என்று கடமை குறுக்கே பாய்ந்தார். “மன்னிச்சுடுங்க. அது தப்பு.”

“எது தப்பு?”

“நான் எழுதினது. நீங்க சொன்னதுதான் சரி. உபசாரப் பொய்யை அவர் அனுமதிக்கத்தான் செய்றாரு.”

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அந்தப் பத்துப் பக்கத்தை எதிராளி பேசறதுன்னு நிரூபிச்சிருந்தீங்களே. அத்தனை மேற்கோள் காட்டி.”

“அவசரத்துல எழுதினது சார்.”

“மூலத்தைப் படிச்சுட்டுத்தானே எழுதினீங்க?”

கடமை திரும்பிப் பார்த்தார். கதவோரத்தில் மச்சினன் ‘விடாதீங்க’ என்பது போலத் தலையை ஆட்டினான்.

“புரட்டிப் பார்த்தேன் சார்.”

“என் புத்தகத்தை?”

“அதை... பாதிதான் சார். பாதிகூட இல்ல. பேர் வாங்கணும்கற வெறி. பெரிய மனுஷரைத் தாக்கினா நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்கன்னு எழுதிட்டேன்.”

சொல்லி முடித்ததும் கடமைக்கு உடம்பே லேசாகிவிட்டது. வாழ்நாளில் இவ்வளவு கோவையாக அவர் ஒரு வகுப்பில்கூடப் பேசியதில்லை.

பெரியவர் கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலோரம் போனார். அந்த நாலு அடிக்குள் அவருக்கு இன்னும் வயதாகிவிட்டது போலிருந்தது.

“அப்படின்னா நான் எழுதினதும் தப்பாயிடுச்சு,” என்றார்.

“எதை சார் சொல்றீங்க?”

“உங்களைப் பத்தி அனுப்பின கடிதம். நீங்க என்ன மாதிரி ஆள்னு நானே ஒரு முடிவுக்கு வந்து எழுதிட்டேன். அதைத் திரும்ப வாங்கிக்கறேன். இன்னிக்கே.”

கடமையின் கண்கள் கலங்கிவிட்டன. எழுந்து பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்றிருந்தது. பெரியவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, பழக்கூடையை மறக்காமல் எடுத்துப் போகச் சொன்னார்.

திரும்பும் வழி முழுக்க மச்சினன் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். “பார்த்தீங்களா மாமா? இன்ஜின் பிரமாதம்னு ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னா, வண்டி தானா நகரும்!”

எல்லாவற்றையும் கேட்டிருந்த மனைவி, இரவு விளக்கை அணைக்கப் போனபோது நின்று திரும்பினாள்.

“பாதிகூடப் படிக்கலைன்னா சொன்னீங்க?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னது.”

“எனக்கு ஆபரேஷன் நடந்தப்போ வார்டு வராந்தாவுல உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத்தானே படிச்சுட்டிருந்தீங்க? மூணாவது தடவைன்னு சொன்னீங்க. டாக்டர் வந்து கூப்பிட்டது காதுல விழல. நான் அதுக்கு உங்க மேல கோபப்படவே இல்லையே.”

கடமை புரண்டு படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை சலவை செய்த சட்டையோடு கமிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நிரந்தரம் ஆனதும் மாணவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், அறையில் அலமாரியை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்றெல்லாம் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக அவருடைய காலணிகளைப் பார்த்துக்கொண்டே வெளியேறினார்கள். தலைவர் கடைசியாக வந்து தோளைத் தொட்டார்.

“வெளியாள் கடிதம் இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியல. சாவியை வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க.”

“கடிதம் இல்லையா? மாத்தி எழுதி அனுப்பலையா?”

தலைவர் புரியாமல் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அலுவலகத்து அம்மா உள்ளே காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். கடமை அவரிடம் பாய்ந்தார்.

“பார்த்தீங்களாம்மா அந்தக் கிழவர் வேலையை? சிரிச்சுப் பேசி அனுப்பிட்டு, எழுதினதைத் திரும்ப வாங்கினதோட சரி, நல்லதா ஒரு வரி எழுத மனசு வரல! அப்படி என்னதான் எழுதித் தொலைச்சிருந்தாரு என்னைப் பத்தி?”

அந்த அம்மா தட்டைக் கீழே வைத்தார். யாரும் இல்லையே என்று வராந்தாவை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“இனிமே ரகசியம் என்ன சார் இருக்கு, ‘என் புத்தகம் தப்புன்னு தெரிஞ்சும் எல்லாரும் என்னைப் பாராட்டினாங்க, வேலை போனாலும் பொய் சொல்ல மாட்டார்னு நான் நம்பற ஒரே ஆள் இவர்தான், இவரை விட்டுடாதீங்க’ன்னு எழுதியிருந்தாரு.”