ஒளியாரும் ஓட்டை போட்ட திரையும்

கிட்டே வாருங்கள், என் செல்லங்களே. கதவோரம் நிற்கிறவரும் உள்ளே வந்து காலை நீட்டி உட்காருங்கள். வெளிச்சம் விற்றுப் பிழைத்த ஒரு மனிதரின் கதை சொல்கிறேன். அந்த வெளிச்சத்தைக் கண்ணில் விட்டுக்கொள்ளப் போன ஒரு தையற்காரியும் இதற்குள் இருக்கிறாள். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

ஒளியார் வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த ஊருக்கு வேறு பேச்சே இல்லை. வாடகை மண்டபத்து வாசலில் தொடங்கிய வரிசை பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி மருந்துக்கடை வரைக்கும் நீண்டது. வாசலில் இவ்வளவு கூட்டமா என்று மருந்துக்கடைக்காரர் முதலில் பூரித்துப்போனார். உள்ளே போய் வந்தவர்களோ வாங்கின மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்றார்கள். மனிதர் வாடிப்போனார்.

வெள்ளை அங்கி, வெள்ளைத் தாடி, முழங்கை வரை வெள்ளைப் பட்டுக் கையுறை. பேச்சுக்குப் பேச்சு ‘குவாண்டம்’ என்பார் ஒளியார். அதற்கு என்ன பொருள் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. புரியாத சொல்லைச் சொல்கிறவர் பெரிய ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று கூட்டம் முடிவு கட்டிவிட்டது. அவருக்கு வேறென்ன வேண்டும்?

அவருடைய வித்தை இதுதான். கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் நீங்கள் விரலை நனைத்து எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் தன் மேசையிலுள்ள குப்பிகளில் ஒன்றை எடுத்து ஒரு சொட்டு விடுவார். விளக்குகளை அணைத்துவிட்டு ஊதா விளக்கு ஒன்றைக் காட்டுவார். தண்ணீர் தகதகவென்று ஒளிரும். பச்சை என்றால் நல்ல உயிர், போகலாம். சிவப்பு என்றால் ஆயுசு தீர்கிறது. “தங்கம் ஒளியை மறிக்கிறது, கழற்றி என்னிடம் வை. மருந்தும் ஒளியை மறிக்கிறது, நிறுத்து” என்பார். நகை அவர் பெட்டிக்குள் போகும். வாரா வாரம் சிவப்பு ஆரஞ்சாகும், மஞ்சளாகும், கடைசியில் பச்சையாகும். ஊரில் நகையில்லாதவர்களெல்லாம் முதல் நாளே பச்சையாக இருந்தார்கள். அது ஏன் என்று யோசிக்க வரிசையில் யாருக்கும் நேரமில்லை. இடம் போய்விடுமே!

அந்த மண்டபத்து மேடைக்குத் திரை தைத்துக் கொடுத்தவள்தான் நம் தையற்காரி. அவளுக்குக் கண் அழுத்த நோய். தினமும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருந்தால் இருக்கிற பார்வை இருக்கும், நிறுத்தினால் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும் என்று கண் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஒளியார் கிண்ணத்தில் அவளுக்குச் சிவப்பு வந்தது. விரலில் இருந்த ஒற்றை மோதிரம் போயிற்று. அன்றோடு சொட்டு மருந்தும் நின்றது.

அவளுடைய தங்கை வேலை பார்ப்பது ஒரு லேசர் ஆய்வுக்கூடத்தில். அக்காள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வதையும், தைக்கும்போது விரலில் ஊசி ஏற்றிக்கொள்வதையும் பார்த்துவிட்டு ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

“மருந்து புட்டி அப்படியே இருக்கேக்கா. விட்டுக்கறதில்லையா?”

“இனிமே எதுக்குடி? ஆரஞ்சு வந்துடுச்சு, மஞ்சளும் வந்துடுச்சு. இந்த ஞாயித்துக்கிழமை பச்சை. அன்னிக்கு அந்தச் சொட்டை ஐயாவே என் கண்ணுல விடறேன்னு சொல்லியிருக்கார்.”

“கண்ணுலயா? ஐயோ, அக்கா! அது என்னன்னு தெரியுமா?”

“ஏன் தெரியாது? உன் கூடத்தைச் சுத்திப் பாக்கக் கூட்டிட்டுப் போனியே, அங்க வரிசையா குப்பி வெச்சு ஊதா விளக்குல காட்டினியே, அதேதான். உங்கிட்ட இருந்தா விஞ்ஞானம், அவர்கிட்ட இருந்தா பித்தலாட்டமா?”

தங்கை தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். அன்றைக்குக் குப்பிகளைக் காட்டி எல்லோரையும் வாய் பிளக்க வைத்தவள் அவள்தானே!

அது குவாண்டம் புள்ளி, செல்லங்களே. கண்ணுக்கே தெரியாத குறைக்கடத்தித் துணுக்கு. ஒரே பொருள்தான். சின்னதாக வளர்த்து நிறுத்தினால் பச்சையாக ஒளிரும், பெரிதாக வளரவிட்டால் சிவப்பாக ஒளிரும். நிறம் துணுக்கின் பருமனைப் பொறுத்தது. பக்கத்தில் நிற்கிறவர் புண்ணியவானா, பாவியா என்பது அதற்குத் தெரியாது, கவலையும் இல்லை.

“அதுல காட்மியம் இருக்குக்கா. விஷம். நாங்க கையுறை போடாம குப்பியைத் தொடவே மாட்டோம்.”

“ஐயாவும்தான் கையுறை போட்டிருக்கார். அது சுத்தத்துக்கு.”

“எங்க பேராசிரியர்கிட்ட வேணா கேட்டுப் பாரு.”

“கேட்டேனே! அவர் எனக்கு முன்னால வரிசையில நின்னார்.”

அது உண்மை. ஆய்வுக்கூடத்துப் பேராசிரியருக்கு லேசர் எரியாமல் பல மாதமாகத் தூக்கம் இல்லை. குவாண்டம் புள்ளிகளை வைத்து லேசர் செய்ய வேண்டுமென்றால் எல்லாப் புள்ளியும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்க வேண்டும். ஆளுக்கொரு அளவில் இருந்தால் ஒளி சிதறிப்போகும், ஒன்றுகூடாது. இதை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே அவர்தான். சொல்லிக் கொடுத்துவிட்டு, ஒளியாரை அழைத்து வந்து கருவியின் மேல் கையை வைக்கச் சொன்னார். கை வைத்த அன்றும் எரியவில்லை. “பக்கத்தில் பொறாமை பிடித்த ஒரு பெண் இருக்கிறாள்” என்று ஒளியார் தங்கையைப் பார்த்தார். அவள் சூட்டைக் குறைத்து நிதானமாக ஒரு புதுத் தொகுதி புள்ளிகளை வளர்த்தாள். அளவு ஒத்துவந்தது, லேசர் எரிந்தது. பேராசிரியர் ஓடிப்போய் ஒளியாருக்கு மாலை போட்டார்.

இத்தனை படித்தவரிடமும் பேசிப் பயனில்லை என்று தங்கைக்குப் புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. அக்காள் முன்வரிசையில், கண்ணில் விடப்போகும் சொட்டுக்காகக் காத்திருந்தாள். தங்கை எழுந்து நின்று பணிவாகக் கேட்டாள்.

“ஐயா, ஒளி உயிர்லதானே இருக்கு? அப்ப முகத்தைப் பாக்காமலே உங்களால சொல்ல முடியுமா?”

ஒளியார் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் துள்ளி எழுந்துவிட்டார். “என்ன கேள்விம்மா இது? ஐயாவுக்குத் திரை என்ன, சுவர் என்ன! ஐயா, நீங்க காட்டுங்க. இந்தப் பொண்ணு வாயை அடைக்கணும்.”

“காட்டுங்க ஐயா! காட்டுங்க!” என்றது கூட்டம். பக்தர்களிடம் மாட்டிக்கொண்ட சாமியாரைப் பார்த்திருக்கிறீர்களா? எதிரியிடமிருந்தாவது தப்பி ஓடலாம்.

அக்காள் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். தான் தைத்த திரை. தானே அதில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை வெட்டினாள். “ஐயா ஜெயிச்சதும் நானே தைச்சுத் தரேன்” என்று வேறு சொன்னாள். அத்தனை நம்பிக்கை!

திரைக்குப் பின்னால் அக்காள், தங்கை, சாட்சிக்குப் பேராசிரியர். முன்னால் ஒளியார், கிண்ணம், குப்பிகள், கூட்டம்.

ஓட்டை வழியாக ஒரு விரல் நீண்டது. வெறும் விரல். தண்ணீரில் நனைந்து திரும்பியது. சொட்டு விழுந்தது. பச்சை!

“நிறைவான உயிர். நூறாண்டு வாழும்” என்றார் ஒளியார்.

“பாத்தியாடி? சொன்னேன்ல?” என்று திரைக்குப் பின்னால் அக்காள் குசுகுசுத்தாள்.

“சார், உங்க மோதிரத்தைக் கொஞ்சம் குடுங்க” என்றாள் தங்கை. பேராசிரியர் ஒளியாரிடம் போனது லேசருக்காக, தன் ஆயுசுக்காக அல்ல; அதனால் அவர் மோதிரம் தப்பியிருந்தது, நல்ல தடிமன். கிண்ணத்துத் தண்ணீர் மாறியதும், அது போட்ட ஒரு விரல் ஓட்டையில் நீண்டது. மோதிரத்தைத் தவிர விரலைப் பார்க்கிற பழக்கம் ஒளியாருக்கு இல்லை. சிவப்பு!

“ஐயையோ, பெரிய இடத்து உயிர். இதயத்தில் அடைப்பு. ஒரு மாதம் தாங்காது. முதலில் அந்தத் தங்கத்தைக் கழற்று!”

கூட்டம் உச்சுக் கொட்டியது. திரைக்குப் பின்னால் அக்காளின் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. மோதிரத்தை அவளே கழற்றினாள். யாரும் சொல்லாமலே விரலை மறுபடி நீட்டினாள்.

பச்சை. “இது உழைப்பாளியின் உயிர். முதலில் வந்ததைவிடச் சுத்தமானது” என்று மனமுருகிச் சொன்னார் ஒளியார்.

அக்காள் திரையைப் பிடித்து இழுத்தாள். கம்பியோடு வந்து விழுந்தது.

“மூணும் என் விரல்தான்யா” என்றாள்.

ஏமாந்தவருக்கு ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்வதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். “அந்த மோதிரத்துக்குத்தான் ஏதோ பீடை!” என்று ஒரு குரல் வந்தது. பேராசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “குவாண்டத்துல ஒரே பொருள் ரெண்டு நிலையிலயும் இருக்கலாம்மா. ஒரே உயிர் சிவப்பாவும் பச்சையாவும்…”

“சார், நீங்க கொஞ்சம் உக்காருங்க” என்றாள் அக்காள். மேசையிலிருந்த பச்சைக் குப்பியைக் காட்டி ஒளியாரிடம் கேட்டாள். “இதைத்தானே இன்னிக்கு என் கண்ணுல விடறதா இருந்தீங்க?”

“ஆமாம்மா. பார்வை திரும்பும்.”

“முதல்ல உங்க கண்ணுல ஒரு சொட்டு விட்டுக்குங்க.”

“என் கண்ணில் நோய் இல்லையே, தாயே.”

“சரி, கண்ணு வேணாம். கையுறையைக் கழட்டிட்டு உள்ளங்கையில ஒரு சொட்டு.”

அவள் குப்பியை எடுத்து மூடியைத் திருகினாள். ஒளியார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அங்கிக்குள் கையை ஒளித்துக்கொண்டு அலறினார்.

“கிட்ட வராதே! அது தோல்ல படக் கூடாதும்மா!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

“தோல்ல படக் கூடாததைத்தான் என் கண்ணுல விடப் போனியா?” என்றாள் அக்காள். குரல் உயரவில்லை. ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது.

அப்புறம் நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? மண்டபத்துப் பின்கதவு வழியாக ஓடினார். அங்கே மருந்துக்கடைக்காரர் வழியை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாடி ஒரு பக்கம், அங்கி ஒரு பக்கம். நகைப்பெட்டி மட்டும் கடைசி வரை கையை விட்டுப் போகவில்லை. காவலர்கள் வந்துதான் பிரித்தார்கள்.

மறுநாள் கண் டாக்டர் அக்காளின் கண்ணைச் சோதித்துவிட்டு உள்ளதைச் சொன்னார். சொட்டு மருந்தை நிறுத்தியிருந்த நாட்களில் ஓரப் பார்வை கொஞ்சம் போய்விட்டது. போனது போனதுதான், திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம். அவள் அழவில்லை. வரும் வழியில் மருந்துக்கடையில் புட்டி வாங்கிக்கொண்டாள்.

“என்னை நாலு அறை அறைஞ்சாவது சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் தங்கையிடம்.

“அறைஞ்சிருந்தா கேட்டிருப்பியா?”

“மாட்டேன்தான்.”

நான்கு மாதம் கழித்து அதே மண்டபத்துக்குக் காந்தக்கையார் என்று ஒருவர் வந்தார். மேடைக்குப் புதுத் திரை வேண்டுமாம். அக்காள் தைத்துக் கொடுத்தாள். நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை, சுற்றி அழகாக ஓரம் மடித்துத் தைத்தது.

“இது எதுக்கும்மா?” என்று கேட்டார் ஏற்பாட்டுக்காரர்.

“இருக்கட்டும், தேவைப்படும்” என்றாள் அவள். காந்தக்கையார் அந்த ஊர் நீர் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அன்றே பெட்டி கட்டிவிட்டார்.

இவ்வளவுதான் கதை, செல்லங்களே. எல்லாப் புள்ளியும் ஒரே அளவாக இருந்தால் நல்ல லேசர் கிடைக்கும். எல்லாத் தலையும் ஒரே மாதிரி ஆடினால் நல்ல ஒளியார்தான் கிடைப்பார். உங்கள் தலை உங்களுடையதுதானா என்று அவ்வப்போது தொட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோர் கண்ணும் தெளிவாக இருக்கட்டும். கேள்வி கேட்கிற வாய்க்கு உங்கள் வீட்டில் சாப்பாடு என்றும் முதலில் பரிமாறப்படட்டும்.