கேணலின் நான்கு படைகள்

"நான்கு ஐரோப்பியப் படைகளில் சேவையாற்றியவரும் மணியகாரர் பரம்பரையில் உதித்தவருமாகிய கேணல், தங்களைக் குடிபுகலுக்கு அன்புடன் அழைக்கிறார்." லண்டன் மோர்டனில் வீடு வாங்கியபோது அவர் அச்சடித்த அழைப்பிதழ் இது. கிழமை இருக்கிறது, சுபநேரம் நிமிடக் கணக்கில் இருக்கிறது, ஆண்டு மட்டும் இல்லை. கேணலின் சரித்திரம் முழுவதுமே அப்படித்தான்.

லண்டனில் அவரைவிட அதிக யுத்தங்களை வென்ற தமிழர் கிடையாது. எல்லாவற்றையும் மரக்கறிக் கடையில் நின்றே வென்றார். வெண்டிக்காயை ஒவ்வொன்றாக முனை முறித்துப் பார்ப்பார்; முறியாததைப் படையில் சேர்க்கமாட்டார். காசு கொடுக்க நிற்பவர்களின் வரிசையையும் நேராக்குவார்.

"ஜேர்மன் ஆமியில இப்பிடிக் கோணலா நிண்டா சுட்டுப்போடுவாங்கள், தங்கச்சி."

"அப்ப அங்கையே போய் வெண்டிக்காய் வாங்குங்கோ" என்பார் கடைக்காரர்.

நான் எதையும் திகதியோடு எழுதிவைப்பவன். அவர் கதைகளையும் ஒரு கொப்பியில் எழுதி, பொய்களை அடிக்கோடிட்டேன். அடிக்கோடு இல்லாத வரிகள் அரிது.

பிறகு அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசினார்கள். பிள்ளைகள் இருவருக்கும் முன்பே பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் தாய்தான் மறுத்தார்.

"ஊரில எங்கட வீட்டுக் கதவை உடைச்சது ஆமி. எந்த நாட்டு ஆமியெண்டாலும் எனக்கு ஆமிதான். அந்த வீட்டில பொம்பிளை எடுக்கமாட்டன்."

மறுநாள் காலை கேணல் என் வாசலில் நின்றார்.

"அண்ணை, அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு வாங்கோ. நான் ஒரு ஆமியிலயும் இருக்கேல்லை எண்டு அவவுக்குக் காட்டவேணும்."

"அதைத்தானே இவ்வளவு காலமும் சொன்னனான்!"

"ஓம். இப்ப கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ."

மாப்பிள்ளை வீட்டு வரவேற்பறையில் வாசித்தேன். பிரான்ஸ்: பரசூட்டில் குதித்ததாகச் சொன்ன மாதங்களில், பாரிஸ் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். கூடக் கழுவியவர் சவுத்தாலில் இருக்கிறார். ஜேர்மனி: டாங்கி ஓட்டிய காலம் முழுவதும் அகதி முகாமில் இருந்தார். ஒல்லாந்து: அங்கே காவல் நின்றதாகச் சொன்ன மாதத்திலும் அதே ஜேர்மன் முகாம்தான். ஒரே ஆள் இரண்டு நாட்டில் நிற்க முடியாது.

"நிக்கலாம் அண்ணை, எல்லை கிட்டத்தானே..." என்று தொடங்கினார் கேணல். மகள் அவர் காலை மிதித்தாள்.

மாப்பிள்ளையின் தாய் முதல்முறையாகச் சிரித்தார். "வெறும் பொய்க்காரனே? அது பரவாயில்லை. எங்கட இவரும் அப்பிடித்தான். அப்ப பெல்ஜியம்?"

பெல்ஜியப் பக்கத்தில் நான் அடிக்கோடிடவில்லை. திகதிகள் பொருந்தின. லொறியொன்றின் முன்னால் சீருடையில் நாலு பேரோடு அவர் நிற்கும் படமும் அதில் ஒட்டியிருந்தது.

"அங்க இவர் போனதேயில்லை" என்று கொப்பியை மூடினேன்.

மற்ற மூன்று படைகளுக்காகவும் வாதாடத் தயாராக இருந்த மனிதர் அப்போது குனிந்து தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. கேணல் பெல்ஜியப் படையில் இருந்தாரா என்பது இதுவரை உறுதியாகவில்லை. பெல்ஜியத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் தெரிந்துவிடும். நான் எழுதப்போவதில்லை.