ஊதுசாமி ஊதிய வயிறு

சந்தைத் தெருவில் கால் வைக்க இடமில்லை. ஊதுசாமி வந்திருக்கிறாராம்! ஒரு ஊது ஊதினால் வயிற்றுப் பேய் ஓடிவிடுமாம். இருந்த நெரிசலில் பேய் ஓடுவதென்றால் நாலு பேரிடம் வழி கேட்டுத்தான் ஓட வேண்டும்.

சந்தையில் மூட்டை தூக்கிப் பிழைக்கும் மூட்டைக்காரரும் மனைவியோடு வரிசையில் நின்றார். அவளுக்கு மாதக்கணக்கில் ஓயாத பேதி, வயிற்று உப்புசம், வாய்ப்புண். வெளுத்துப்போய் எலும்பும் தோலுமாகிவிட்டாள். இவள் பிழைப்பாளா என்பதே அவருக்குப் பயம்.

சாமி கோதுமை ரொட்டியில் ஊதிக் கொடுத்தார். "மூணு வேளையும் இதையே தின்னு. பேய் உள்ள உருளும். உருண்டா அலறுதுன்னு அர்த்தம்."

பலித்தது! தின்ற கொஞ்ச நேரத்தில் வயிறு பானையாக உப்பி, கடமுடவென்று உருண்டது.

"பேய் அலறுதுடி!" மூட்டைக்காரர் கும்பிட்டார்.

"அலறுறது நான்யா! அவர் ஊத ஊத என் வயிறுதான் ஊதுது. கடை ரொட்டி தின்னாலும் இதே கூத்துதான். சோறு தின்னா சும்மா கிடக்கு. அது என்ன ரொட்டிக்கு மட்டும் ஆடுற பேய்?"

"வாயைக் கழுவு! சாமி காதுல விழுந்துடப் போவுது."

மறுதடவை அவள் இரண்டு ரொட்டிகளோடு போனாள். "சாமி, ஒண்ணு நீங்க ஊதுனது, ஒண்ணு கடையில வாங்குனது. கலந்துபோச்சு. எதுன்னு சொல்லுங்க."

சாமி கண்ணை மூடினார், மோந்தார். "இதுதான்! சக்தி கொதிக்குது, தொடாதே!" கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"ரெண்டுமே முக்குக் கடை ரொட்டி சாமி. நீங்க ஊதுனதை நேத்தே நாய் தின்னுடுச்சு. இன்னொண்ணு கேட்டு வாலாட்டுது."

"இது பேய் பேசுது!" என்று கத்திக்கொண்டே சாமி செருப்பைத் தேடினார். சிரிப்பு அடங்குவதற்குள் ஆளைக் காணோம்.

அங்கிருந்து இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டார், யோசித்தார். "ரொட்டி தின்னா உப்புது, பேதி, எடை குறையுது, ரத்தசோகை வேற. சீலியாக் நோயான்னு பாத்துடலாம். கோதுமையில இருக்கிற குளூட்டன் சில பேரு குடலைப் புண்ணாக்கிடும். சோதனை முடியிற வரைக்கும் ரொட்டியை நிறுத்தாதீங்கம்மா. நிறுத்தினா சோதனையில நோய் தெரியாமப் போயிடும்."

சோதனை அதுதான் என்றது. அப்புறம்தான் கோதுமையை அடியோடு விட்டாள். மெல்ல மெல்ல முகத்தில் ரத்தம் ஊறியது.

"நானே விஷத்தை வாங்கி ஊட்டிட்டேனேடி," என்றார் மூட்டைக்காரர்.

அவள் வயிறு நல்ல வயிறு. ஒவ்வாததைத் தின்றதும் கூச்சல் போட்டது. தெருவே கூடி விழுங்கிய பொய்க்கு ஒருத்தர் தலையும் வலிக்கவில்லையே! மக்களே, தலைக்கும் கொஞ்சம் அஜீரணம் வரட்டும்.