யாரை முதலில் அனுப்புவது?

காலை ஆறு மணிக்கெல்லாம் புகை வந்துவிட்டது. நான்காவது நாளாக.

ஜோசப் ராஜ் எழுந்து ஜன்னலைப் படாரென்று சாத்தினான். ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி ஆக்சிலியா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினாள். நான்கு வயது மகள் ஷைனி இருமினாள். நடக்கப் போயிருந்த அப்பா யாகப்பன் திரும்பி வந்து, வாசற்படியில் உட்கார்ந்து எல்லோருக்கும் சேர்த்து இருமினார். அவருக்கு இருபது வருட வீசிங்.

வேலிக்கு அந்தப் பக்கம் மாதுவின் தோட்டம். புகை அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"மாசமா இருக்கறவங்க, சின்னப் புள்ளைங்க, வயசானவங்க, வீசிங் இருக்கறவங்க. புகை இவங்களத்தான் மொதல்ல தாக்கும்னு நர்சம்மா சொன்னாங்க" என்றாள் ஆக்சிலியா.

"அது நம்ம ரேசன் கார்டாட்டம் இருக்குது" என்றான் ஜோசப் ராஜ்.

மறுநாள் விடியும் முன்பே எல்லா ஜன்னல்களையும் சாத்தி, கதவிடுக்குகளில் பழைய துணியைத் திணித்தான். வெளிப்புகை நின்றது. ஆனால் கட்டிலுக்கடியில் எரிந்த கொசுவத்தியின் புகை போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றியது.

"வெளிப்புகையாச்சும் காத்தோட போவும். இது நம்மகூட குடித்தனம் பண்ணுதுங்க" என்று துணியைப் பிடுங்கி எறிந்தாள் ஆக்சிலியா.

பென்னாகரத்தில் அவன் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையிலிருந்து மூன்று மாஸ்க் வாங்கி வந்தான். ஆக்சிலியாவுக்கு அதன் வாடையிலேயே வாந்தி வந்தது. ஷைனி தன்னுடையதை ஆட்டுக்குட்டிக்குப் போட்டாள். ஆட்டுக்குட்டி அதைத் தின்றது. யாகப்பன் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றினார்.

"நல்ல சாமான்தான்பா. புகையும் வரல, மூச்சும் வரல."

அதற்கு மேல் பொறுக்க முடியாமல், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாதுவைப் பிடித்தான்.

"மாதுண்ணா, தோட்டத்துல தீ வெக்கறத நிறுத்துங்க. வூட்ல யாரும் மூச்சு வுட முடியல."

"நானா? நாலு மணிக்குத் தக்காளி ஏத்திக்கிட்டு மண்டிக்கு வந்துடறேன். நான் எங்க தீ வெக்கறது?"

"அப்ப உங்க தோட்டம் தானா எரியுதுங்களா?"

டீக்கடையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மாது பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலமே அவர் தோட்டத்து வழியாக ரோட்டுக்குப் போகும் பாதையில் முள் வெட்டிப் போடப்பட்டது. இனி ஜல்லி கிரஷரைச் சுற்றித்தான் போக வேண்டும். மறுநாள் அங்கன்வாடியிலிருந்து வந்த ஷைனிக்குப் புருவம் வரை நரைத்திருந்தது. அந்தப் பாதையில் போன டிப்பர் லாரிகளின் புழுதி.

புகையோ ஆறு மணிக்குத் தவறாமல் வந்தது.

ஏரியூரில் இருக்கும் அக்கா பிலோமினாவுக்குப் போன் செய்தான். சின்ன வீடு, ஒரு ஆளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றாள். யாரை அனுப்புவது? நர்ஸ் கலைமணியை அழைத்தான்.

"நர்சம்மா, எங்க வூட்ல யாருக்குங்க ஆபத்து அதிகம்? ஒருத்தர் பேரு மட்டும் சொல்லுங்க."

"இதென்ன பஸ் சீட்டாங்க, ஒருத்தருக்கு மட்டும் போடறதுக்கு? எல்லாருக்குமே ஆபத்துதான். மொதல்ல புகைய நிறுத்தற வழியப் பாருங்க."

ஜோசப் ராஜ் பெருமூச்சு விட்டான். அதிலும் புகை வாடை அடித்தது.

"மாமாவ அனுப்புங்க. நேத்து ரெண்டு தடவ வீசிங் மருந்து அடிச்சாரு" என்றாள் ஆக்சிலியா.

"மருமவள அனுப்புப்பா. நான் போனா இங்க வேலைய யாரு பாக்கறது?" என்றார் யாகப்பன்.

"உங்களுக்கு என்னப்பா வேல? நீங்க ஒழுங்கா மூச்சு வுட்டாப் போதும்."

ஏரியூர் பஸ் கிளம்பும் வரை யாகப்பன் ஜன்னல் வழியாக ஏதோ சொல்ல வாயெடுத்து, எடுத்து, இருமலில் விட்டுவிட்டார். அப்பாவை இவ்வளவு சோகமாக அவன் பார்த்ததில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு ஜோசப் ராஜ் மூக்கை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றான். புகை இல்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் ஆக்சிலியா ஜன்னல்களைத் திறந்து வைத்துத் தூங்கினாள். ஷைனியின் இருமல் நின்றது. ஏரியூரிலிருந்து யாகப்பன் போன் செய்தார்.

"மூணு நாளா மருந்தே அடிக்கலப்பா. நெஞ்சு லேசா இருக்குது."

ஜோசப் ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியும் மாதுண்ணா தீ வைப்பதை நிறுத்திவிட்டாரே. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான்.

"அண்ணா, அன்னைக்கு வாய் தவறிப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. வூட்ல எல்லாரும் இப்ப நல்லாருக்காங்க. உங்க பெரிய மனசுதாங்க."

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்பது மட்டும் மாதுவுக்குப் புரிந்தது. அது போதுமானதாக இருந்தது. பழத்தை வாங்கிக்கொண்டார்.

"சரி வுடு. பாதையில இருக்கற முள்ள இப்பவே எடுத்துப் போடறேன்."

இருவரும் சிரித்துக்கொண்டு நிற்கும்போது, மாதுவின் மனைவி காவேரி உள்ளேயிருந்து இரண்டு மூட்டைக் குப்பையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"உங்கப்பாரு எப்ப வருவாருங்க தம்பி? மருமவளக் கொசு கடிக்கக் கூடாதுன்னு ரெண்டு வூட்டுக் குப்பையையும் விடியறதுக்குள்ள அள்ளியாந்து எங்க தோட்டத்துல கொளுத்திடுவாரு; அவரு ஊருக்குப் போனதுல இருந்து எல்லாம் அப்பிடியே கெடக்குது."