பிரேமலதாவுக்காகப் பெரட்டுக்கு நின்றது

பெக்டரி லயம், மேல் டிவிசன்,
பலாங்கொடை.

பட்டமும் பதவியும் பெற்று, பனி கொட்டும் ஜப்பான் தேசத்தில் மாடுகளுக்கு வைத்தியம் படிக்கப் போயிருக்கும் என் தங்கை மகள் டொக்டர் பிரேமலதாவுக்கு, உன் தாய்மாமன் கன்னையா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் மாமியும், நீ ஒப்படைத்துவிட்டுப் போன லெப்டொப்பும் சுகம். உன் சுகத்துக்கும், உன் கையில் அகப்பட்டிருக்கும் ஜப்பான் மாடுகளின் சுகத்துக்கும் மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ போனில் கேட்கும்போதெல்லாம் "ஒரு விசேசமும் இல்லம்மா" என்று சொல்லி வந்தேன். விசேஷம் இருக்கிறது. மிருக வைத்தியர்களுக்கென்று நீங்கள் வைத்திருக்கிறீர்களே ஒரு மின்னஞ்சல் குழு, அதிலிருந்து உன் பெயரை வெட்டப் பார்த்தார்கள். பதறாதே, நான் இருந்து காப்பாற்றிவிட்டேன். எப்படி என்பதைப் போனில் சொல்ல வழியில்லை. குழுவுக்குள் பேசியதைப் போனிலோ, வேறு மின்னஞ்சலிலோ, முகநூலிலோ வெளியே விடக்கூடாது என்று அவர்களுடைய வழிகாட்டலில் தெளிவாகப் போட்டிருக்கிறது. காகிதம் என்ற சொல் அதில் வருகிறதா என்று மேலிருந்து கீழ் வரை தேடினேன். வரவில்லை. ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன்.

நீ சொன்னது, வாரத்துக்கு ஒருதரம் லெப்டொப்பைத் திறந்து சார்ஜ் போட்டு மூடச் சொல்லி. அப்படித்தான் திறந்தேன். திறந்ததும் முன்னால் நிற்கிறது, "உறுப்பினர்களுக்கான வழிகாட்டல்". கண்ணாடியைப் போட்டேன், வாசித்தேன், வாசிக்க வாசிக்க என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். உன் மாமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க நிக்கிறீங்க, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும். எழுதுகிறவர் தன் முழுப் பெயரைக் கடைசியில் போட வேண்டுமாம். கருத்தோடு சண்டை பிடிக்கலாம், ஆளோடு பிடிக்கக் கூடாதாம். ஒருவருக்கு நன்றி சொல்வதென்றால் அவருக்கு மட்டும் சொல்ல வேண்டுமாம், ஊரைக் கூட்டக் கூடாதாம். நம் யூனியன் கூட்டத்தில் இதில் பாதி இருந்திருந்தால் எத்தனை நாற்காலி உடையாமல் மிஞ்சியிருக்கும். இந்தப் பெக்டரியையே என் தோளில் சுமந்து நடத்தியவன் நான் (வாசலில் வாட்சர் என்று உன் மாமி சொல்லுவாள், அது வெறும் பதவிப் பெயர்), நானே இப்படி ஒரு சட்டத்தைக் கண்டதில்லை.

அதில்தான் ஒரு வரி வந்து நெஞ்சில் இடித்தது. நீண்ட நாள் பங்குபற்றாத உறுப்பினரின் பெயர் நீக்கப்படும். நீயோ ஜப்பானில் மாட்டுக்குப் பின்னால் நிற்கிறாய், குழுவைப் பார்க்க நேரமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். அந்தக் குழுவுக்குள் நுழைய நீ எத்தனை பேரிடம் சிபாரிசு கேட்டு அலைந்தாய் என்பது எனக்குத் தெரியும். பெயர் நிற்க என்ன செய்ய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும், நான் தோட்டத்தில் பிறந்தவன். விடியக் காலையில் பெரட்டுக் களத்தில் போய் நின்று, வந்துவிட்டேன் என்று காட்டினால்தான் அன்றைக்கு வேலைக்குப் பேர் விழும். ஆகவே மறுநாள் காலையிலேயே குளித்து, விபூதி பூசி, லெப்டொப்பின் முன்னால் நின்று, ஒற்றை விரலால், "வந்துட்டேன். பேர் போட்டுக்குங்க. பிரேமலதா" என்று அடித்து எல்லோருக்கும் அனுப்பினேன். அடுத்த நாளும் அனுப்பினேன். ஒருநாள் தவறவில்லை.

இப்போது நடந்ததைக் கேள். மட்டக்களப்பில் ஓய்வுபெற்ற ஒரு பெரிய டொக்டர், இது ஏதோ புதுச் சட்டம் என்று பயந்து, "நானும் வந்துவிட்டேன்" என்று போட்டார். அவரைப் பார்த்து வவுனியாவிலிருந்து ஒருவர், கனடாவிலிருந்து ஒருவர், பிறகு மடை திறந்த மாதிரி. வார முடிவில் முன்னூறு டொக்டர்மார் பெரட்டில் நிற்கிறார்கள், பிரேமா. சரி, முன்னூறு இல்லை என்றாலும் ஒரு முப்பது. எந்தத் தோட்டத்துத் தொரை நிறுத்தியிருக்கிறான் இப்படி? உடனே குழுவின் நெறியாளர் சுதாகரன் டொக்டர், கொழும்புக்காரர், எழுத்தைப் பார்த்தால் பிறந்ததிலிருந்து சிரித்திருக்க மாட்டார், "இக்குழுவில் தினசரி வரவைப் பதியும் நடைமுறை கிடையாது" என்று எழுதி, அதை வழிகாட்டலிலும் புது விதியாகச் சேர்த்துவிட்டார். நம் பரம்பரையில் யாருக்காகச் சட்டம் எழுதியிருக்கிறார்கள்? எனக்காக எழுதினார்கள். அதை மட்டும் ஒரு காகிதத்தில் பார்த்தெழுதி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

பெரட்டு இல்லையென்றால் வேறு எப்படிப் பங்குபற்றுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் வெள்ளையம்மா ஓடி வந்தாள். அவளுடைய பசு இரண்டு நாளாகத் தின்னவில்லை, வாயில் நுரை. "அண்ணே, பிரேமா இருந்தா இந்நேரம் வந்திருக்கும்ல" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பால்தான் அவள் வீட்டு அடுப்பு. "பிரேமா இல்லாட்டி என்ன, பிரேமாவோட கம்பெனி இருக்கு" என்று சொல்லி உன் பெயரில் எழுதிப் போட்டேன். மாட்டுக்காரரின் பெயரை எழுதக் கூடாது என்பது விதி. நான் எழுதவில்லை. பெக்டரி லயத்துக் கடைசி வீடு, புருஷன் இல்லை, மகன் கொழும்பில் ஹோட்டலில் வேலை, போன மாதம் கூரைத் தகரம் பறந்தது என்று மட்டும் எழுதினேன்.

வந்தது பார், விசாரிப்பு. வெப்பநிலை என்ன என்று ஒருவர் கேட்டார். இங்கே இப்போது மழை, நல்ல குளிர் என்றேன். சாணியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார் ஒருவர். வெறும் சாணியை எப்படி அனுப்புவது, மரியாதையாக இருக்காது என்று மாட்டுக்கு மாலை போட்டு, வெள்ளையம்மாவுக்குப் பட்டுச் சேலை கட்டி, சாணியை நடுவில் வைத்து அனுப்பினேன். விசாரித்து வந்தவரை வாங்க என்று கேட்காமல் இருக்க முடியுமா? ஒவ்வொருவருக்கும், "வாங்க ஐயா, தேத்தண்ணி குடிச்சீங்களா, வீட்டுல எல்லாரும் சுகமா" என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பதில் போட்டேன். அதற்கும் ஒரு விதி சேர்ந்தது. இப்போது எனக்கு இரண்டு.

கடைசியில் ஸுமைரா என்று ஒரு டொக்டர், "நாக்கின் அடியில் பார்த்தீர்களா?" என்று ஒரே ஒரு வரி எழுதினார். வெள்ளையம்மா கொம்பைப் பிடிக்க, மாமி டோர்ச்சைப் பிடிக்க, நான் புலியின் வாய்க்குள் கையை விடுகிறவன்போல விட்டேன். உர மூட்டை தைக்கிற நைலோன் நூல், நாக்கின் அடியைச் சுற்றிக் கிடந்தது. முப்பது அடி இருக்கும். "ஒரு சாண்" என்கிறாள் உன் மாமி, அவள் டோர்ச்சைத்தானே பிடித்தாள். சாயந்தரமே பசு புல்லைத் தொட்டது. வெள்ளையம்மா லெப்டொப்பைத் தொட்டுக் கும்பிட்டாள்.

பிரேமா, இதை மட்டும் நான் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். டவுனில் எந்தக் கவுண்டரில் போய் நின்றாலும் நம்மிடம் முதல் கேள்வி, எந்தத் தோட்டம் என்பதுதான். சிங்களத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் அதுதான். இங்கே வெள்ளையம்மாவின் மாட்டை நாலு தேசம் விசாரித்தது. எத்தனை பல், எவ்வளவு பால், அசை போடுகிறதா என்று கேட்டார்கள். எந்தத் தோட்டத்து மாடு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அன்றைக்கு ராச்சாப்பாடு எனக்கு இறங்கவில்லை, அவ்வளவு நிறைவு.

அதற்குப் பிறகுதான் ஆபத்து. சுதாகரன் டொக்டர் உனக்குத் தனியாக எழுதினார். "உங்கள் கணக்கை வேறு யாரும் பயன்படுத்துகிறார்களா? அப்படியானால் விதிப்படி உங்கள் பெயரை நீக்க நேரும்." மாமி, "போச்சு, அந்தப் புள்ள படிச்ச படிப்புல மண்ணப் போட்டுட்டீங்க" என்று மூக்கைச் சிந்தினாள். ஆனாலும் நான் அசரவில்லை. "இல்லை ஐயா, நான் பிரேமலதாதான். என் மாமா கன்னையா தங்கமான மனிதர், அவர் இந்த லெப்டொப்பைத் தொடுவதே இல்லை" என்று எழுதினேன். அவர் முழுக்க நம்பிவிட்டார். "நன்றி. பிரேமலதா திரும்பி வந்ததும் என்னோடு பேசச் சொல்லுங்கள்" என்று பதில் போட்டார். உன்னைப் பற்றி உன்னிடமே எவ்வளவு மரியாதையாகச் சொல்லி அனுப்புகிறார், பார்த்தாயா. ஆகவே உன் பெயர் பத்திரம். உனக்கும் எனக்கும் மாமிக்கும் தவிர இந்த ரகசியம் யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஜப்பான் மாடு உதைத்தால் விலகி நில். தலைக்கு எண்ணெய் வை. மாரியம்மன் உன் பெயரை எல்லாப் புத்தகத்திலும் நிலைக்க வைப்பாள்.

வழிகாட்டலின்படி முழுப் பெயருடன்,
உன் தாய்மாமன்,
முத்துச்சாமி கன்னையா.

பி.கு.: நீ அனுப்பிய விலாசம் முழுக்க ஜப்பான் எழுத்து. தபால் கந்தோரில் அந்தப் பிள்ளை, இது என்ன என்று சிங்களத்தில், "மே மொகத்த, அங்கிள்?" எனக் கேட்டுச் சிரித்துக் கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டது. நான் கலங்கவில்லை. குழுவில் பேசியது குழுவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதானே விதி. மாமியைக் கொண்டு எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து, "பிரேமலதாவிடம் சேர்க்கவும், மற்றவர்கள் வாசிக்க வேண்டாம்" என்று தலைப்புப் போட்டு, குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் அனுப்பியாகிவிட்டது.

இன்னொரு பி.கு.: அதற்குள் சுதாகரன் டொக்டரின் பதில் வந்துவிட்டது. "பிரேமலதாவுக்கு முழுப் பேர் போட்டாச்சு. மாமா பெரட்டுக்கு வேற ஆள் பேர்ல நின்னதால அவருக்கு அரைப் பேர்தான்." அரை நாள் சம்பளத்தைத் தோட்டத்து ஆட்கள் நாம்தான் அரைப் பேர் என்போம். அந்தச் சொல்லை நான் இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை, திரும்பவும் வாசித்துப் பார்த்துவிட்டேன். நான் கேட்டால் நன்றாக இருக்காது. நீ பேசும்போது மெதுவாகக் கேட்டுப் பார்: ஐயா எந்தத் தோட்டம்?