சந்தேகம் அண்ணனின் வாரிசுகள்

மலாயாவின் நெகிரி செம்பிலானில் இருந்த அத்தனை ரப்பர் மரங்களையும்கூட எண்ணிவிடலாம். எங்கள் ‘சந்தேகம்’ அண்ணன் சந்தேகப்பட்ட ஆட்களை எண்ண முடியாது. சந்தேகப்படாத ஆளை எண்ண ஒரு விரல் போதும். அந்த ஒரு விரல் யாருக்கு என்பதுதான் எங்களுக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் அது. பகாவ் பக்கத்துத் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டுக்குள் இருக்கும் துப்பாக்கிக்காரர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று வேலி வாசலில் எல்லாரையும் தடவிப் பார்ப்பார்கள். ஒரு கவளம் சோறு வெளியே போகாது. மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால்தான் சாப்பாடு.

அந்தச் சமயத்தில்தான் சேமநிதி என்று ஒன்று வந்தது. மாசாமாசம் சம்பளத்தில் பிடிப்பார்கள், ஆள் செத்துப்போனால் விண்ணப்பப் பாரத்தில் யார் பேர் இருக்கிறதோ அவருக்குப் பணம் என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சொன்னார். எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் போனதே கூரை மாற்றத்தான். கட்டை விரலை நீட்டிவிட்டு வந்தேன்.

சந்தேகம் அண்ணன் மட்டும் நகரவில்லை.

“அஞ்சலை பேர போடுய்யா. பொண்டாட்டி, ரெண்டு பொம்பளப் புள்ள இருக்குல்ல? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதுங்க எங்க போகும்?” என்றார் கிராணி.

“அவ பேரு வேண்டாம்லா. பக்கத்து வீட்டு முத்து பேர போடுங்க.”

கிராணிக்கே குழப்பம். போட்டார். மறுநாள் காலை முத்து பாசமாக ஒரு குவளை இஞ்சித் தண்ணி கொடுத்தான். அண்ணன் மோந்து பார்த்தார், முத்துவைப் பார்த்தார், நேராக ஆபீசுக்கு நடந்தார்.

“மாத்துங்க கிராணி. இந்தப் பய இதுவரைக்கும் எனக்குப் பச்சத் தண்ணி கொடுத்ததில்ல.”

அடுத்தது பகாவில் கடையில் வேலை செய்த அவருடைய சொந்தத் தம்பி. பஸ் பிடித்து வந்தவன் வாய் தவறி, “உடம்பு எப்படி இருக்குண்ணே?” என்று கேட்டுவிட்டான்.

“என் உடம்பப் பத்தி இவனுக்கு என்ன இப்ப?” தம்பி பேரும் போச்சு.

மூன்றாவது வாரிசு அடியேன். காரணத்தையும் அவரே சொன்னார். “திட்டம் போட்டுக் கொல்லணும்னா மூள வேணும்டா. உங்கிட்ட அந்த பயமே இல்ல.”

எனக்கு ஒரே பெருமை. முட்டாள்தனத்துக்கு மரியாதை கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாளிலிருந்து மரம் வெட்டப் போவது நரகமாகிவிட்டது. பின்னால் நடந்தால், “ஏண்டா பின்னால வர?” முன்னால் போனால், “என்னத் தனியா வுட்டுட்டு ஓடுறியா?” பக்கத்தில் நடந்தால், “ஏன் ஒட்டிக்கிட்டே வர?” எங்கேதான் நடப்பது? ஒரு நாள் மரத்துக்கு மரம் ஒளிந்து ஒளிந்து போனேன். அதைப் பார்த்து அலறியே விட்டார்.

அப்படி ஒரு காலையில் காட்டோரம் நிஜமாகவே துப்பாக்கி வெடித்தது. இரண்டு பேரும் கால்வாயில் விழுந்தோம். நான் அவர் மேலேயே விழுந்தேன். சேற்றில் முகத்தை வைத்துக்கொண்டு, “அமுக்கிக் கொல்றான்!” என்று முனகினார். தலைக்கு மேலே இலை உதிர்ந்தது. திடீரென்று அவர் குரல் மாறியது.

“டேய், இப்ப நான் செத்தா அஞ்சலைக்கு என்னடா கெடைக்கும்?”

“ஒண்ணும் கெடைக்காதுண்ணே. எல்லாம் எனக்குத்தான்.”

“புள்ளைங்களுக்கு?”

“நான் வேணா முறுக்கு வாங்கித் தரேன்.”

சத்தம் அடங்கியதும் பால் வாளியைக்கூட எடுக்கவில்லை மனிதர். சேறு சொட்டச் சொட்ட ஆபீசுக்கு ஓடினார். பின்னாலேயே நானும்.

“அஞ்சலை பேர போடுங்க கிராணி.”

“இதத்தானய்யா மொதல்லேருந்து சொல்றேன்! ஏன் போடல?”

அண்ணன் தரையைப் பார்த்தார். “பேர எழுதிட்டா சந்தேகம் வந்துடும் கிராணி. என் புத்தி அப்படி. ஊர்ல எவன வேணா சந்தேகப்படுவேன். அவ கையாலதான தெனம் சாப்புடுறேன்?”

கிராணி பேனாவை எடுத்து அஞ்சலை பேரை எழுதினார்.

விஷயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. அன்று மத்தியானம் அவர் சாப்பிடுவதைப் பார்க்க வாசலில் ஒரே கூட்டம். அஞ்சலை அக்காள் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு, இடுப்பில் கைவைத்து நின்றது.

“என்னய்யா தட்டையே பாக்குற? நான் வேணா மொதல்ல தின்னு காட்டட்டா?”

அண்ணன் தட்டைப் பார்த்தார். அக்காளைப் பார்த்தார். அவர் ஒரு கவளம் எடுத்தார். மென்றார். தட்டை வழித்துத் தின்றுவிட்டு நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் போடு.”

அதற்கப்புறம் பல வருஷம் இருந்தார். அந்தப் பேரை மாற்ற ஆபீஸ் பக்கம் போகவே இல்லை. அவர் போன பிறகு அந்தப் பணத்தில்தான் அக்காள் கடைசிப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தது.

என்னை மட்டும் கடைசிவரை சந்தேகப்பட்டார். இப்போதும் ரப்பர் மரங்களுக்கு நடுவே தனியாக நடந்தால், “ஏண்டா பின்னால வர?” என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று நின்று பார்க்கிறேன்.